ஈரல் வெளுக்கும் வரை

முதலில் அரிப்புதான் வந்தது. என் கணவருக்கு உள்ளங்கால் அரித்தது. சத்திரம் பேருந்து நிலையத்து நடைபாதைக் கடையில் வாங்கிய புது ரப்பர் செருப்பின் மேல் பழியைப் போட்டு, அதைத் தூக்கி எறிந்தேன். பிறகு உள்ளங்கை அரித்தது. கைக்கு யாரும் செருப்பு போடுவதில்லையே என்று அப்போதாவது நான் யோசித்திருக்கலாம். பொழுது சாய்ந்தால் மனுஷர் சீப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். தலை வாருவதற்கு அங்கே முடியும் இல்லை. கால் சொறியத்தான் சீப்பு. அடுத்த மாதம் கண் மஞ்சளானது.

ஸ்ரீரங்கத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் டாக்டருக்குத் தெரிவதற்கு முன் கீழாநெல்லிக்குத் தெரிந்துவிடும். அதுவே வாசலைத் தேடி வந்துவிடும். பக்கத்து வீடு, எதிர் வீடு, அவருடைய இன்சூரன்ஸ் ஆபீஸ் நண்பர் என்று ஆளுக்கொரு கட்டு கொண்டுவந்தார்கள். எல்லோரும் போகும்போது குரலைத் தாழ்த்தி என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். "குடிப்பாரோ?" பெருமாள் தீர்த்தத்தைத் தவிர வேறெதையும் உள்ளங்கையில் ஏந்தாத மனுஷர். வெங்காயம் கூடச் சேர்க்கமாட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஒருத்தியிடம், "ஆமாம், தினமும் கீழாநெல்லிச் சாறுதான் குடிக்கிறார், நீங்க கொண்டுவந்தது" என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

வியாதி அப்படி எளிதாகப் போகிற காமாலை இல்லை. ஈரலுக்குள் ஓடுகிற பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தழும்பேறிச் சுருங்குகிற நோய் என்றார் டாக்டர். ஈரல் வைத்தியத்துக்கே படித்தவர், என்னைவிட வயதில் சின்னவர். குழாய் சுருங்கினால் பித்தம் தேங்கும், தேங்கிய பித்தம் ஈரலையே கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஏன் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். எந்தத் தப்பும் செய்யாதவருக்கு ஏன் வந்தது என்று எனக்கும் புரியவில்லை.

"எவ்வளவு கெட்டிருக்குன்னு ரத்தத்துல தெரியாதா?" என்று கேட்டேன்.

"ரத்தம் மொத்தமாத்தான் சொல்லும்மா. எந்தப் பக்கம் வேலை செய்யுது, எந்தப் பக்கம் நின்னு போச்சுன்னு சொல்லாது. அதுக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கணும். சாதாரணமா எடுக்கிறது இல்லைங்க. கையில ஒரு மருந்து ஏத்துவாங்க. உயிரோட இருக்கிற ஈரல் அந்த மருந்தை உறிஞ்சிக்கும். இருபது நிமிஷம் கழிச்சுப் படம் எடுத்தா, வேலை செய்ற இடம் வெள்ளையாத் தெரியும். செய்யாத இடம் இருட்டாவே கிடக்கும்."

"வெள்ளையா வந்தா?"

"அடைச்ச இடத்தை விரிச்சுவிட்டு மருந்தோட ஓட்டலாம்."

"வரலைன்னா?"

டாக்டர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார். "மாற்று ஈரல்தாங்க. பதிவு பண்ணி வைக்கலாம். வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு. இல்லேன்னா வீட்டுல யாராவது குடுக்கலாம்."

நான் திருச்சி ஜங்ஷனில் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்காருகிறவள். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம், "பாக்கலாம் சார், சான்ஸ் இருக்கு" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு டாக்டரின் முகம் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் யார் கொடுப்பது என்பதில் யோசிக்க அதிகம் இல்லை. அவருக்கு ரத்தம் ஓ வகை. எனக்கு பி. நான் கொடுக்க முடியாது. அவருடைய அண்ணாவுக்குச் சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட் வேறு. மிச்சம் எங்கள் மகள். அவளுக்கு ஓ.

சென்னையில் வேலை பார்க்கிறாள். சேதி சொன்ன அன்றைக்கே, "நான் குடுக்கறேன்மா, இதுல என்ன இருக்கு? லிவர் திரும்ப வளரும், நகம் மாதிரி. நீ ஏன் இவ்ளோ டென்ஷன் ஆறே?" என்றாள். ஹோட்டலில் என்ன சாப்பிடலாம் என்று தீர்மானிக்கிற குரல். அவர் போனைப் பிடுங்கி, "உன் வேலையைப் பாரு" என்று கத்தினார். அவர் மகளிடம் கத்தி நான் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து எனக்குப் பயம் இரண்டாக ஆகிவிட்டது. கவுண்டரில் டிக்கெட் அடித்துக்கொண்டிருப்பேன், திடீரென்று அவர் இல்லாத வீடு ஞாபகம் வரும். கை நின்றுவிடும். அதைத் தள்ளிவிட்டு அடுத்த டிக்கெட்டை அடித்தால், ஆபரேஷன் மேஜையில் மகளின் வயிறு ஞாபகம் வரும். ஒன்றிலிருந்து தப்பித்தால் இன்னொன்றில் போய் விழுவேன். பெருமாளிடம் எதைக் கேட்பது என்றே தெரியாமல் சந்நிதியில் வெறுமனே நின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

ஸ்கேன் தில்லைநகரில். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து ஸ்நானம் செய்து, சந்தியாவந்தனம் முடித்து, திருமண் பளிச்சென்று இட்டுக்கொண்டு வந்தார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்களே என்று கேலி செய்ய வாயெடுத்தேன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று வாசலுக்குப் போய்விட்டேன். ஆட்டோ காவேரிப் பாலத்தில் ஏறியபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஆற்றைப் பார்த்தோம்.

ஸ்கேன் எடுக்கிற பெண் அவர் மேல் இருந்த உலோகத்தையெல்லாம் கழற்றச் சொன்னாள். கடிகாரம், மோதிரம், வெள்ளி அரைஞாண். கடைசியில் பூணூலில் முடிந்திருந்த பெருமாள் அலமாரிச் சாவி. அதை அவர் மறந்தே போயிருந்தார். "ஐயா, இதோட உள்ள போயிருந்தா சாவி உங்களுக்கு முன்னாடி மெஷினுக்குள்ள போயிருக்கும்" என்றாள். அவர் சிரிக்க முயன்றார்.

நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தடதடவென்று சத்தம். யாரோ ஆத்திரத்தோடு கதவைத் தட்டுவது மாதிரி. நடுவில் நிற்கும். மறுபடி ஆரம்பிக்கும். நிற்கும்போதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே வெளியே வந்தாள். முகம் சரியில்லை. நான் எழுந்து நின்றேன்.

"ஐயாவுக்கு என்ன பழக்கம் இதும்மா? படம் எடுக்கிறப்ப மூச்சை நிறுத்தணும். வயிறு அசையக்கூடாது. மூச்சை நிறுத்துங்கன்னு நான் மைக்ல சொன்னா, அவரு கையைத் தூக்கி மூக்கைப் புடிக்கிறாரு. ஊசி போட்டிருக்கிற கையி! விட்டதும் காதைத் தொடுறாரு. ஹெட்போன் கழண்டு விழுந்துருச்சு. நான் சொல்றது எதுவும் அவருக்குக் கேக்கலை."

எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வேறு எந்த இடமாக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பூணூல் போட்ட நாளிலிருந்து மூன்று வேளையும் பிராணாயாமம் பண்ணுகிறவர். மூச்சை அடக்கு என்றால் கை தானாக மூக்குக்குப் போகும். மனசுக்குள் மந்திரம் ஓடும். முடிந்ததும் வலது காதைத் தொடும். அவரைப் பொறுத்தவரை அது ஒரே காரியம். மூச்சு வேறு, மூக்கு வேறு என்று அவருக்கு யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

"மருந்து ஏறின உடனே எடுக்கிற படம் கலங்கிப் போச்சும்மா. அது போனது போனதுதான். ஆனா உங்க டாக்டருக்கு முக்கியமா வேணுங்கிறது கடைசியா எடுக்கிறது. அதுவும் கலங்கினா இன்னொரு நாள் வந்து மறுபடி மருந்து ஏத்தணும். நீங்க உள்ள வந்து கையைப் புடிச்சுக்கிறீங்களா?"

வருகிறேன் என்றேன். அப்படியானால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றாள். வளையல், மூக்குத்தி, மெட்டி. பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். திருமாங்கல்யம் கோத்த தங்கச் சரட்டில் ஒரு கொத்து ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமான எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், அவசரத்துக்கு ஊக்கு வேறெங்கே இருக்கும்? "ஊக்கை மட்டும் எடுத்துடறேனே" என்றேன். "எல்லாத்தையும்தாம்மா. இங்க அதுதான் வழக்கம். தெரிஞ்சவங்க மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டு வந்துருவாங்க" என்றாள். நான் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று யார் கண்டது? என் கழுத்தில் கட்டிக்கொள்ளக் கயிறு இல்லை.

கழற்றினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று பீற்றிக்கொண்டவள்தான் நான். ஆனால் அவள் நீட்டிய தட்டில் சரடு விழுந்த சத்தம் கேட்டபோது உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. வரக்கூடாத ஒரு நாளுக்கு ஒத்திகை பார்ப்பது போல இருந்தது. வெறுங்கழுத்தோடு அவர் எதிரே போய் நிற்க வேண்டுமே என்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

உள்ளே ஏசி குளிர் எலும்பில் ஏறியது. காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தாள் அந்தப் பெண். கடைசிப் படத்துக்கு இன்னும் நேரம் இருந்ததால், அவரைக் குழாயிலிருந்து பாதி வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். வயிற்றின் மேல் ஒரு பலகை மாதிரி எதையோ கட்டியிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அசையாமல் கிடந்தவர் நான் தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தார்.

"ஏன்னா, மூக்கைப் பிடிக்கக் கூடாதாம்."

"தெரியறதுடி. கை கேக்க மாட்டேங்கறது."

"நம்மாத்து வாசல்ல குப்பை வண்டி நின்னா என்ன பண்ணுவேள்?"

"மூச்சைப் பிடிச்சுப்பேன்."

"கையால மூக்கைப் பிடிச்சுண்டா?"

கொஞ்சம் யோசித்தார். "கையில தீர்த்தச் சொம்பு இருக்குமே."

"இப்பவும் சொம்பு இருக்குன்னு நெனச்சுக்கோங்கோ. குப்பை வண்டி நிக்கறது. அவ்வளவுதான்."

அவர் உதடு லேசாக விரிந்தது. உடனே சுருங்கிவிட்டது. அவர் கால் விரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அரிப்பு. அசையக்கூடாது என்று சொன்னதும் அதற்கு எப்படித்தான் தெரிந்ததோ. சொறிந்தால் உடம்பு ஆடும் என்பதால் உள்ளங்காலை என் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. நான் இங்கே நிற்கும்போதே அவருக்குள் அந்த மருந்து ஈரலைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே உயிர் இருக்கிறது, எங்கே இல்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மூன்று பேரின் தலையெழுத்தும் அந்த மருந்து குடியேறும் இடத்தைப் பொறுத்தது. அப்படி நினைத்ததும் அவர் காலை விடவே எனக்குப் பயமாகிவிட்டது.

அப்போது அவர் சொன்னார்.

"ஒண்ணு கேக்கறேன். சத்தியம் பண்ணு."

"என்ன?"

"படம் எப்படி வந்தாலும் சரி. குழந்தை வயத்துல கத்தி வைக்க விடமாட்டேன்னு சொல்லு."

அவர் கண் என் மேலேயே இருந்தது. அந்தக் கண்ணில் வெள்ளையே இல்லை. விடமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அவர் போய்விடுவார் என்று ஒரு பக்கம் வைத்து, அவளுக்கு ஒரு தழும்பு, கொஞ்ச நாள் படுக்கை என்று இன்னொரு பக்கம் வைத்து, என் மனசு ஏற்கனவே தராசைத் தூக்கிவிட்டிருந்தது. எந்தத் தட்டு இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததில் எனக்கு என் மேலேயே பயம் வந்தது. கொடுக்கிறவருக்கு ஆபத்து எத்தனை அபூர்வம் என்றாலும் அந்தத் தட்டில் இருப்பது அவள் உயிர்தானே?

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். "பஞ்சு வெச்சிருக்கா. ஒண்ணும் கேக்கலை" என்றேன்.

எல்லாம் கேட்டது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டார்.

அவரை மறுபடி உள்ளே தள்ளினார்கள். குழாய் விளிம்பில் குனிந்து, கையை எட்டியவரை நீட்டி, அவருடைய வலது கையின் மேல் என் கையை வைத்தேன். ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. மூச்சை இழுங்க. வெளிய விடுங்க. அப்படியே நிறுத்துங்க. தடதடவென்று சத்தம் எழுந்தது. பஞ்சையும் மீறிப் பல் வரைக்கும் அதிர்ந்தது. என் கைக்கு அடியில் அவருடைய கட்டைவிரலும் மோதிர விரலும் மடங்குவதை உணர்ந்தேன். மணிக்கட்டு எழுந்தது. என் முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். எழுந்த கை கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு அடங்கியது. விரல்கள் ஒரு சொம்பைப் பிடிப்பது போல வளைந்து அப்படியே நின்றன.

நானும் மூச்சை நிறுத்தியிருந்தேன். வெள்ளையாகட்டும், வெள்ளையாகட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவருக்காகக் கேட்டது இல்லை. வெள்ளையானால் நான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்காகத்தான் கேட்டேன்.

வெளியே வந்து சரடைக் கழுத்தில் போட்டுக்கொண்டபோது கொக்கி மாட்ட வரவில்லை. அந்தப் பெண்ணே பின்னால் வந்து மாட்டிவிட்டாள். "படம் நல்லா விழுந்துருச்சும்மா" என்றாள்.

"வெள்ளையா இருக்கா?"

"அதை டாக்டர்தாம்மா சொல்லணும்."

அவள் முகத்தில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். என்னைப் போலவே அவளும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவள். ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் மதியம் வரை காத்திருந்தோம். அவர் தயிர்சாதம் சாப்பிட்டார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேப்பர் படித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னை ஏன்டி இப்படிப் பாக்கறே, நான் என்ன உத்ஸவரா?" என்றார். முந்தைய நாள் கேட்ட சத்தியத்தை அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு தடவை அவர் வாயைத் திறக்கும்போதும் நான் அடுப்படிக்கு எழுந்து போனேன்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாம்பல் நிறத்தில் என்னவோ கிடந்தது. பிறகு டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது இடது பக்கம். பாருங்க, இருட்டா இருக்கு. மருந்தை எடுக்கவே இல்லை. இந்தப் பக்கம் போயிடுச்சுங்க." பேனா நகர்ந்தது. "இது வலது. பெரிய பக்கம் இதுதான்."

வெள்ளையாக இருந்தது. கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. அதன் நடுவே ஒரு கோடு இன்னும் பளிச்சென்று ஓடியது. பித்தக் குழாயிலும் மருந்து இறங்கியிருக்கிறது, அதாவது வழி முழுசாக அடைபடவில்லை என்றார் டாக்டர். "இது போதுங்க. நல்லாவே வேலை செய்யுது. குறுகின இடத்தை விரிச்சுவிடுவோம். இப்போதைக்கு மாற்று ஈரல் பத்தி யோசிக்க வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சு இதே படத்தை மறுபடி எடுத்துப் பாப்போம்."

"என் பொண்ணு..." என்றார் அவர்.

"தேவைப்படலைங்க."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டாக்டர் முன்னால் அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இல்லை. நான் அழவில்லை. மகளுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்கு வந்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

"வலது பக்கம் நன்னா இருக்காம்டி. ஆபரேஷன் வேண்டாமாம். இப்ப வேண்டாம்."

லைன் போய்விட்டதோ என்று, ஹலோ ஹலோ என்றேன். பிறகுதான் கேட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். நகம் மாதிரி வளரும் என்று சொன்ன பெண். குழந்தையில் கீழே விழுந்து முட்டி உடைந்தபோது அழுத அதே அழுகை.

"எனக்கு ரொம்ப பயமா இருந்துதும்மா. தூக்கமே இல்லை. குடுக்கறேன்னு சொன்னேன், குடுத்திருப்பேன். ஆனா பயமா இருந்துது."

"தெரியும்டி" என்றேன். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்கை உறிஞ்சினாள். கொஞ்சம் நிதானமானாள். பிறகு, "அம்மா, இருட்டா வந்திருந்தா நீ என்னை வேண்டாம்னு சொல்லியிருப்பியா?" என்று கேட்டாள்.

வராந்தாவில் யாரையோ ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இந்த முறை என் காதில் பஞ்சு இல்லை. அவள் காத்திருந்தாள். என் மகள் ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

"சரிம்மா, அப்பாகிட்ட போனைக் குடு" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த படத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் நான் அவளுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.